விரலால் அளந்த நிலம்

இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில், ருத்தெங் நகரத்துக்கு மேற்கே ஏறக்குறைய 17 கிலோமீட்டர் போனால் சன்ச்சார் என்ற ஊர் வருகிறது. பக்கத்துக் குன்றின் மேல் ஏறி நின்று கீழே பார்த்தால், சட்டென்று அது நெல் வயல் என்றே தோன்றாது. பெரிய பெரிய சிலந்தி வலைகளை யாரோ பச்சையில் பின்னித் தரையில் விரித்தது மாதிரி இருக்கும். நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து நாலா பக்கமும் வரப்புகள் பிரிந்து போகின்றன. அவற்றைக் குறுக்கே வளைத்து வளைத்து வேறு வரப்புகள். சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். விவசாயி ஒருவர் அங்கே நின்றால் வேறு கேள்விதான் கேட்பார்: இதை இப்படிப் பிரித்தது யார், எதை வைத்து அளந்தார்கள்?

அளந்தது கைவிரலால்.

புளோரஸின் மேற்குப் பகுதியில் வாழும் மங்கராய் மக்கள், ஊர்ப் பொது நிலத்தை லிங்கோ என்கிறார்கள். ஒரு லிங்கோவைப் பயிருக்குத் திறக்கும்போது அதன் நடுவில் ஒரு கம்பு நட்டுப் பூசை செய்வார்கள். அந்த நடுப்புள்ளிக்கு லோடோக் என்று பெயர். நிலம் பிரிப்பதற்கென்றே ஊரில் ஒரு பெரியவர் உண்டு, துவா தெனோ என்பார்கள். ஊர்த் தலைவர் வேறு, இவர் வேறு. அவர் நடுக்கம்பைச் சுற்றி விரல் வைத்து, இவருக்கு இத்தனை விரல், அவருக்கு இத்தனை விரல் என்று குறித்துக்கொண்டே போவார். ஒவ்வொரு குறியிலிருந்தும் வெளி எல்லை வரைக்கும் நேர்கோடு இழுத்தால் அவரவர் பங்கு தயார். பங்கின் அளவுக்கு மோசோ என்று பெயர்.

விரல் அளவில் என்ன நிலம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கணக்குக்காக, நடுக்கம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி விரல் வைப்பதாகக் கொள்வோம். விரலின் அகலம் 2 சென்டிமீட்டர். அங்கிருந்து கோடு இழுத்துக்கொண்டே 100 மீட்டர் போனால், வெளி எல்லையில் அந்த ஒரு விரல் 4 மீட்டர் அகலமாகிவிடும். முக்கோணக் கணக்குப் போட்டால் 200 சதுர மீட்டர், அதாவது சுமார் 5 சென்ட். நடுவில் விரல் கொஞ்சம் நகர்ந்தால் ஓரத்தில் ஒரு வண்டிப்பாதை அகலம் போய்விடும். அதனால்தான் விரல் வைக்கும் வேளையில் ஊரே சுற்றி நின்று பார்க்கும். எல்லோருக்கும் சம பங்கு என்று சொல்லிவிடவும் முடியாது. தலைக்கட்டு, குடும்பத்தின் மதிப்பு, ஊருக்கு வந்த காலம் எல்லாம் பார்த்து விரல் கூடும், குறையும். ஆனால் ஒருவர் பங்கும் அந்த நடுப்புள்ளியைத் தொடாமல் இருக்காது.

வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு நிலம் உண்டா? உண்டு. ஒரு கோழியும் பனங்கள்ளும் கொண்டுபோய்ப் பெரியவர்கள் முன்னால் வைத்து முறைப்படி கேட்க வேண்டும். கொடுத்தால் அவரும் அந்த ஊர்க்காரர். கோழியும் கள்ளும் நிலத்துக்கு விலை ஆகாது; வந்தவர் ஊரின் பேச்சுக்குக் கட்டுப்படுகிறேன் என்று சபையில் சொல்வதற்கு அடையாளம் அவை. பத்திரம், முத்திரைத்தாள் எதுவும் கிடையாது. நாலு பேர் நினைவில் இருப்பதுதான் பதிவு.

அந்தக் காலத்தில் லிங்கோவில் விளைந்தது மானாவாரி நெல்லும் மக்காச்சோளமும். தண்ணீர் கட்டி நடவு செய்யும் நெல் பின்னால் வந்தது. வயல் நஞ்சையாக மாறினாலும் வரப்பு மாறவில்லை, பழைய விரல் கோட்டிலேயே நிற்கிறது. உழவுக்கு வசதியான வடிவமா என்றால் இல்லை. நடுப்பக்கம் போகப் போகக் குறுகிக்கொண்டே வரும் வயலில் இயந்திரத்தைத் திருப்புவது பெரும்பாடு. அந்தச் சிரமத்துக்காக யாரும் கோட்டை அழித்துவிடவில்லை.

மங்கராய் ஊர்களில் வீட்டையும் நிலத்தையும் தனித்தனியாகப் பேசுவதில்லை. ஊர்ப் பெரிய வீட்டில் முரசு தொங்கும். முரசு வீடு இருந்தால் அதற்கென்று லிங்கோ இருக்கும். லிங்கோ இல்லாத முரசு வீடு கிடையாது. பழைய வீடுகள் வட்டமானவை. மேலே பார்த்தால் நடுவிலிருந்து கழிகள் கதிர் போலப் பிரியும். வயலின் வடிவமே தலைக்கு மேல் கூரையாக நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வட்ட வீடுகள் ஒவ்வொன்றாகப் போய்த் தகரக் கூரை போட்ட சதுர வீடுகள் வந்துவிட்டன. வட்ட வீடுகள் முழு ஊராக நிற்பதைப் பார்க்க வேண்டும் என்றால் வாயே ரெபோ போக வேண்டும். வாயே என்றால் மங்கராய் பேச்சில் தண்ணீர்.

போவது சுலபம் இல்லை. ருத்தெங்கிலிருந்து தெற்கே கடற்கரைப் பக்கம் இறங்கி, மறுபடி மேலேறி, தெங்கே என்ற ஊருக்கு வர வேண்டும். பல காலம் இந்தப் பக்கத்துப் போக்குவரத்து மர லாரிதான். சரக்கு லாரியின் பின்பக்கத்தில் குறுக்குப் பலகை அடித்து, மேலே கூரை போட்டிருப்பார்கள். ஆள், அரிசி மூட்டை, சிமென்ட், கால் கட்டிய பன்றி, கோழி எல்லாம் ஒரே வண்டியில் போகும். மழைக்காலமான நவம்பர் முதல் ஏப்ரல் வரை பாதை சேறாகிவிட்டால் அந்த லாரியும் நின்றுவிடும். தெங்கேயிலிருந்து காட்டு வழியாக மலையேற்றம், மூன்று நான்கு மணி நேரம். இப்போது இருசக்கர வண்டி இன்னும் கொஞ்ச தூரம், ஓர் ஓடை வரைக்கும் போகிறது. அதற்குமேல் கால்தான். ஊர்க்காரர்கள் முதுகில் மூட்டையோடு, நடக்கப் பழகாத விருந்தாளியைவிட வேகமாக ஏறிவிடுகிறார்கள்.

மேலே, கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேல், மலை சூழ்ந்த பள்ளத்தில் ஏழு கூம்பு வீடுகள் நிற்கின்றன. முன்னோர் மாரோ என்பவர் சுமத்ரா தீவின் மினாங்கபாவ் நாட்டிலிருந்து கடல் கடந்து, ஊர் ஊராக மாறி, கடைசியில் இங்கே தங்கினார் என்று சொல்கிறார்கள். வழியில் ஒரு மரநாய் உதவியதாம். அதனால் இந்த ஊரில் மரநாய்க் கறி சாப்பிட மாட்டார்கள். காப்பித் தோட்டத்தில் பழுத்த பழமாகப் பார்த்துத் தின்பதும் அதே மரநாய்தான்!

விவசாயக் குடும்பத்தினர் நின்று பார்க்க வேண்டியது அந்த வீட்டின் உள்ளமைப்பு. சுமார் 15 மீட்டர் உயரம், ஐந்து தட்டு. ஆணி கிடையாது, பிரம்பால் கட்டியது. கூரை, பனை நாரும் புல்லும் வேய்ந்து தரை வரைக்கும் இறங்குகிறது. கீழ்த்தட்டில் ஆட்கள். பெரிய வீட்டில் எட்டுக் குடும்பம், மற்றவற்றில் ஆறு. இரண்டாம் தட்டில் அன்றாட உணவுப்பொருள். மூன்றாவதில் விதை. நான்காவதில், மழை பொய்த்தால் எடுப்பதற்கென்று ஒதுக்கிய தானியம். உச்சியில் முன்னோருக்குப் படையல். அடுப்பு வீட்டுக்கு நடுவில். அதன் புகை மேலே ஏறி விதையையும் தானியத்தையும் பூச்சி அண்டாமல் காக்கிறது, கூரைப் புல்லையும் உலர்த்துகிறது. கண் எரிச்சலும் இருமலும் கீழே இருப்பவர்களுக்கு. பழையது என்பதற்காக அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் விதைக்கு ஒரு தட்டு, பஞ்சத்துக்கு ஒரு தட்டு என்று வீடு கட்டும்போதே ஒதுக்கி வைத்த முன்யோசனை சாதாரணமானது அல்ல.

ஒரு கட்டத்தில் ஏழில் நான்கு வீடுதான் மிஞ்சியிருந்தது. பழுது பார்க்கப் பணம் இல்லை. ஜகார்த்தாவிலிருந்து யோரி அந்தார் என்ற கட்டடக் கலைஞரும் உடன் சிலரும் 2008-ல் இங்கே வந்து பார்த்த பிறகு நன்கொடை திரட்டப்பட்டது. கட்டியது ஊர்க்காரர்களே. தெரிந்த பெரியவர்கள் சொல்லச் சொல்ல இளைஞர்கள் கழியும் பிரம்பும் கட்டினார்கள். 2012-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் முதல் நிலை விருது இந்த ஊருக்கு வந்தது. அதற்குப் பிறகு வெளிநாட்டவர் வரத்து பெருகி, வீட்டுக்குள் பாய் விரித்துத் தங்குகிறவர்களின் கட்டணம் ஒரு வருமானமாக ஆனது.

மற்றபடி ஊரின் வருமானம் காப்பி. ஜூன் மாதத்தை ஒட்டிப் பறிப்பு தொடங்கும். பறித்து, தோல் நீக்கி, வீட்டு முற்றத்தில் பாய் போட்டுக் காயவைப்பார்கள். மேகம் அடிக்கடி இறங்குகிற இடம் என்பதால் பாயைச் சுருட்டுவதும் விரிப்பதுமாகப் பொழுது போகும். காய்ந்த காப்பி முதுகில் ஏறி மலை இறங்கும். திரும்பும்போது அதே முதுகில் அரிசி ஏறும். இந்த உயரத்தில் கிழங்கு வகைகளும் காய்கறியும் வருகின்றன. சோற்றுக்குக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

பிள்ளைகளும் கீழே இறங்கித்தான் படிக்க வேண்டும். மலையடிவாரத்தில் கோம்போ என்று துணை ஊர் ஒன்று இருக்கிறது. பள்ளி வயது வந்ததும் பிள்ளையைக் கோம்போவில் விடுவார்கள். பாட்டி வீடோ, சித்தப்பா வீடோ, சில சமயம் தாயும் கூடவே இறங்கிவிடுவார். குடும்பம் இரண்டாகப் பிரிந்து, அப்பா மேலே காப்பியோடும் பிள்ளை கீழே புத்தகத்தோடும் இருக்கும். வருகிற விருந்தாளிகள் மேலே ஊரில் பெரியவர்களையும் கைக்குழந்தைகளையும் அதிகமாகப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். ரோடு போடாமல் இருப்பதால்தான் ஊர் அழகாக இருக்கிறது என்று படம் எடுக்க வந்தவர்கள் சொல்லலாம். பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தூளி கட்டித் தூக்கி இறங்குகிறவர்களிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

படிப்பு என்று வந்தால் பணம் வேண்டும். இந்தோனேசியக் கிராமங்களில் பழகிப்போன ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு, இஜோன் என்பார்கள். பழம் பச்சையாகச் செடியில் இருக்கும்போதே வியாபாரி முன்பணம் கொடுத்து விளைச்சலைப் பேசிவிடுவார். அறுவடை சமயத்தில் சந்தை விலை எவ்வளவு ஏறினாலும் பேசிய விலைதான். பள்ளிக் கட்டணம் கட்டும் தேதி ஒன்று, காப்பி பழுக்கும் தேதி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மாதங்களில்தான் இந்த வியாபாரியின் லாபம்.

அதற்கு மாற்றாக மங்கராய் மக்கள் கண்டுபிடித்தது பள்ளி விருந்து. மகனோ மகளோ கல்லூரிக்குப் போகிறார் என்றால் வீட்டில் பந்தல் போட்டு, பன்றி அடித்து, ஊரையும் உறவையும் அழைப்பார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு உறையில் பணம் வைப்பார்கள். அது நோட்டில் ஏறும். மொய் என்ற சொல் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவை இல்லை. இன்று வாங்கியதை நாளை அவர்கள் வீட்டு விருந்தில் திருப்ப வேண்டும். கல்யாணச் சீர் தனி. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு எருமை, குதிரை, பணம் என்று கொடுப்பது பெலிஸ். கல்யாணம் முடிந்த பிறகும் பெண் வீட்டில் சாவு, வாழ்வு எது நடந்தாலும் மருமகன் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பங்கு கேட்பார்கள். அதற்கு சிடா என்று பெயர். ஒரே வருடத்தில் இரண்டு சிடாவும் மூன்று பள்ளி விருந்தும் வந்துவிட்டால், கையில் இருக்கும் வயலை அடகு வைப்பதைத் தவிர வழி இல்லை என்று ஆகிவிடுகிறது.

அடகு விஷயத்தில் இந்தோனேசியச் சட்டம் விவசாயி பக்கம் நிற்கிறது. 1960-ஆம் வருடத்து 56-ஆம் எண் சட்டத்தின் 7-ஆவது பிரிவு இப்படிச் சொல்கிறது: விவசாய நிலத்தை அடகு பிடித்து ஏழு வருடம் அனுபவித்துவிட்டவர், நிற்கும் பயிரை அறுத்த ஒரு மாதத்துக்குள் நிலத்தைச் சொந்தக்காரருக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், மீட்புப் பணம் கேட்கக் கூடாது. ஏழு வருட விளைச்சலில் கொடுத்த கடன் தீர்ந்துவிட்டது என்று கணக்கு. நல்ல சட்டம்தான். ஆனால் அடகு பிடித்தவர் பெரும்பாலும் பங்காளி அல்லது சம்பந்தி. நாளைக்கு அவரிடமே சிடா கேட்டுப் போக வேண்டியவர், இன்றைக்குச் சட்டப் பிரிவைக் காட்டிச் சண்டைக்கு நிற்பாரா?

நிலம் போதாதவர்களும் கடன் சேர்ந்தவர்களும் தீவை விட்டுப் போகிறார்கள். கலிமந்தானிலும் மலேசியாவிலும் எண்ணெய்ப் பனைத் தோட்ட வேலை, பாலியில் கட்டட வேலை, மக்காசரில் துறைமுகத்துப் பக்கம் கூலி. இங்கே இன்னொரு சட்டம் குறுக்கே வருகிறது. விவசாய நிலம் வைத்திருப்பவர் அந்த நிலம் இருக்கும் வட்டத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று 1961-ல் ஒரு விதி வந்தது. வட்டத்தை விட்டு வெளியேறி இரண்டு வருடம் தொடர்ந்து திரும்பாதவர், அங்கேயே குடியிருக்கும் ஒருவருக்கு நிலத்தை மாற்றிவிட வேண்டும் என்று 1964-ல் சேர்த்தார்கள். நகரத்தில் உட்கார்ந்துகொண்டு கிராமத்து நிலத்தை வளைப்பவர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. எழுத்தில் பார்த்தால், பனைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் சின்ன விவசாயியையும் அது கட்டும். அரசு ஊழியருக்கும் ராணுவத்தினருக்கும் விலக்கு உண்டு. கூலிக்குப் போனவருக்கு அந்த விலக்கு இல்லை. நடைமுறையில் அண்ணன் தம்பி யாராவது பயிர் செய்துகொண்டிருப்பார்கள், யாரும் கேட்பதில்லை. நகரத்துக்காரர்கள் வாங்கிப் போட்ட நிலத்தையும் யாரும் கேட்பதில்லை.

ஊர் மட்டும் கேட்கும். போனவர் வருடத்துக்கு ஒருமுறையாவது, நவம்பர் வாக்கில் வாயே ரெபோவில் நடக்கும் பெந்தி என்ற புத்தாண்டுப் பூசைக்காவது வந்து முகம் காட்டினால், அவருடைய பங்கு அவருடையதே. வரவே இல்லை என்றால் பேச்சு எழும்.

இந்த நினைவுப் பதிவுக்கு எதிராக இப்போது காகிதப் பதிவு வந்திருக்கிறது. 1960-ஆம் வருடம் செப்டம்பர் 24-ல் வந்த அடிப்படை நிலச் சட்டம், ஊர்ப் பொது உரிமையையும் ஏற்கிறது, தனி மனிதரின் முழு உரிமையையும் ஏற்கிறது. அந்தத் தேதியைத்தான் நாட்டில் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2017-லிருந்து அரசு ஊர் ஊராக நிலம் அளந்து பட்டா கொடுத்து வருகிறது. பட்டா இருந்தால் பேங்கில் கடன் கிடைக்கும், இஜோன் வியாபாரியிடம் போக வேண்டாம். அது பெரிய விஷயம். ஆனால் பட்டாவுக்கு எல்லைக் கல் வேண்டும். நடுப்புள்ளியில் கூர்ந்து முடியும் ஒரு பங்கு தனிப் பட்டா ஆன பிறகு, அதை விற்பதற்கு துவா தெனோவைக் கேட்க வேண்டியதில்லை.

விற்றால் என்ன ஆகும் என்பதற்கு தூரம் போக வேண்டாம். தீவின் மேற்குக் கோடியில் லபுவான் பாஜோ இருக்கிறது. கொமோடோ உடும்புகளைப் பார்க்கப் படகு ஏறும் இடம். 2023 மே மாதம் ஆசியான் நாடுகளின் தலைவர்கள் கூடிப் பேசியதும் அங்கேதான். மேய்ச்சல் தரையாகக் கிடந்த கடலோரக் குன்றுகளில் விடுதிகள் எழும்பிவிட்டன. வெளிநாட்டவர் முழு உரிமையோடு நிலம் வாங்கச் சட்டத்தில் இடம் இல்லை. உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கினாலும் செல்லாது என்று எழுதியிருக்கிறது. இருந்தும் கைமாறுகிறது. ஒரே நிலத்தைப் பங்காளிகள் இருவர் தனித்தனியாக விற்று வழக்குக்குப் போவதும் நடக்கிறது. விற்ற பணத்தில் வண்டி வாங்கியவர்கள், தங்கள் தாத்தாவின் நிலத்து விடுதிக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறார்கள்.

காகிதம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. மங்கராயின் கிழக்குப் பக்கத்தில் கோலோல் என்று காப்பிக்குப் பேர்போன ஊர் உண்டு. டச்சுக்காரர்கள் ஆட்சியில் காட்டுக்கு எல்லைக் கல் நட்டபோது லிங்கோக்கள் பல கல்லுக்கு உள்பக்கம் போய்விட்டன. பின்னால் வந்த அரசும் அந்தக் கல்லையே எல்லையாகக் கொண்டது. பாட்டன் நட்ட காப்பி, அரசாங்கக் கணக்கில் காட்டு ஆக்கிரமிப்பு. தோட்டங்களை வெட்டினார்கள், விவசாயிகளைக் கைது செய்தார்கள். அவர்களை விடுவிக்கக் கேட்டு ருத்தெங் காவல் நிலையத்துக்கு ஊரார் திரண்டு போன நாள் 2004 மார்ச் 10. துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள். ஊரே அறிந்த நடுப்புள்ளியும் விரல் கணக்கும் அன்றைக்கு எந்த அதிகாரியின் மேசையிலும் செல்லுபடியாகவில்லை. பூர்வகுடிகளின் வழக்குக் காடு அரசுக் காடு ஆகாது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் 2013 மே மாதம்தான் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பயன்படுத்தவும், முதலில் மாவட்ட அரசு அந்த மக்களை எழுத்தில் ஏற்க வேண்டும். மறுபடியும் காகிதம்.

பெண்களின் பங்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கணக்கு பாதிக் கணக்கு. மங்கராய் வழக்கில் மகன் உள் ஆள், மகள் வெளி ஆள். பிறக்கும்போதே அப்படித்தான் பேச்சு. விரல் வைக்கும்போது மகளுக்கு விரல் இல்லை. பிரியப்பட்ட தகப்பன் கல்யாணமாகும் மகளுக்கு ஒரு துண்டு நிலம் கொடுப்பது உண்டு. அது விடாங் என்ற அன்பளிப்பு, உரிமை அல்ல. தகப்பன் காலத்துக்குப் பிறகு சகோதரர்கள் அதைத் திரும்பக் கேட்டுச் சண்டை வருவதும் உண்டு. வடக்கு சுமத்ராவின் காரோ சமூகத்து வழக்கு ஒன்றில், தகப்பன் சொத்தில் மகளும் வாரிசுதான் என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. ஆனால் மலை மேல் இருக்கிற பெண் அண்ணன் மேல் வழக்குப் போட்டால், மறுநாள் அவள் பிறந்த வீட்டுப் பூசைக்கு எப்படிப் போவாள்? பட்டா எழுத வரும் அதிகாரிக்கு ஆண் பெயரும் ஒன்றுதான், பெண் பெயரும் ஒன்றுதான். விடாங் நிலத்துக்குத் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே மகள் பெயரில் காகிதம் எழுதி வாங்கிவிட்டால், அந்தச் சண்டைக்கே இடம் இருக்காது. விரலால் அளந்த ஊரில் காகிதம் செய்யக்கூடிய நல்ல வேலை அதுவாகத்தான் இருக்கும்.

இந்தோனேசியப் பள்ளிகளில் ஜூன் மாதக் கடைசியில் ஆண்டு விடுமுறை. வாயே ரெபோவில் காப்பிப் பழம் சிவக்கும் பருவமும் அதுதான். கோம்போவில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு மலையேறுவார்கள். சின்னப் பிள்ளைகள் தாழ்ந்த கிளைகளில் பறிக்க, பெரியவர்கள் கூடையைக் கட்டிக்கொண்டு மேல் கிளைகளை வளைக்க, இரண்டு மூன்று வாரத்துக்கு ஏழு வீட்டிலும் ஆள் நிறைந்திருக்கும்.